தகுதிக் கோட்டைத் தாண்டச் சொன்னவர் யார்?

பிள்ளையை மருத்துவராகவோ பல் மருத்துவராகவோ பார்த்துவிட வேண்டும் என்பது நம் நாட்டுத் தமிழ்ப் பெற்றோர் பலரின் நெடுநாள் கனவு. உள்நாட்டில் இடம் கிடைக்காதபோது அவர்களின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்புகிறது. ஆகவே, அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரிகளின் மாணவர் சேர்க்கை தொடர்பான வழக்குகள் நமக்கு அயலார் வீட்டுச் செய்தி அல்ல.

2025 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்றைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். இராஜஸ்தான் மாநிலத்துத் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் சில, 2016-17 கல்வியாண்டில் தகுதி பெறாத மாணவர்களை இளநிலைப் பல் மருத்துவப் படிப்பில் சேர்த்தன. அக்கல்லூரிகளுக்குத் தலா 10 கோடி ரூபாயும் மாநில அரசுக்கு 10 இலட்சம் ரூபாயும் தண்டமாக விதிக்கப்பட்டன.

நடந்தது இதுதான். நீட் நுழைவுத் தேர்வில் பொதுப் பிரிவு மாணவர் 50 சதமானம் பெற வேண்டும். இது நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் அன்று. தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேரை முந்தியிருக்க வேண்டும் என்பதே பொருள். 2016-இல் 720 மதிப்பெண்ணுக்கு 145 எடுத்தாலே இந்தத் தகுதி கிட்டியது. இடங்கள் நிரம்பவில்லை என்பதால் மாநில அரசு இந்த அளவை முதலில் 10, பிறகு 5 என மொத்தம் 15 சதமானம் குறைத்தது. அதற்கு அந்த அரசுக்கு அதிகாரம் இல்லை. கல்லூரிகளோ அந்தக் குறைத்த கோட்டுக்கும் கீழே இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டன.

அப்படியானால் கோட்டைக் குறைப்பதே குற்றமா? இல்லை. 2020-21-இல் இந்தியாவில் ஏறத்தாழ 7,000 பல் மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தன. தகுதி அளவைக் குறைக்கலாம் என்று இந்தியப் பல் மருத்துவ மன்றமே பரிந்துரைத்தது. நடுவண் அரசு மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் அம்மறுப்பை ஏற்காமல், அந்த ஆண்டுக்கு மட்டும் 10 சதமானம் குறைக்க ஆணையிட்டது. மன்றத்தைக் கலந்து நடுவண் அரசு அளவைக் குறைக்கலாம் என்று அன்றைய விதியிலேயே வழி இருந்தது. கோடு யாவரும் அறியக் குறைக்கப்பட்டால், புதிய அளவுக்குள் வரும் எல்லா மாணவரும் விண்ணப்பிக்கலாம். கல்லூரி அலுவலகத்தின் மூடிய கதவுக்குப் பின்னால் குறைக்கப்பட்டால், பணமும் அறிமுகமும் உள்ளவர் மட்டுமே நுழைவர்.

நீட் தேர்வே முறையானதா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-இலும் மீண்டும் 2022-இலும் நீட் விலக்குச் சட்ட முன்வரைவை நிறைவேற்றியது. உடன்படாத விதியை அவையிலும் நீதிமன்றத்திலும் எதிர்ப்பது குடியாட்சி முறை. விதியை ஏற்றதுபோல் காட்டிவிட்டு இடத்தை விற்பது வேறு.

இராஜஸ்தான் வழக்கில், படித்து முடித்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் காப்பாற்றியது. அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு இரக்கம் காட்டியது. பேரிடர், கொள்ளைநோய்க் காலங்களில் கட்டணமின்றித் தொண்டாற்ற வேண்டும் என்றும் பணித்தது. இந்த இரக்கத்தை நான் குறைகூற மாட்டேன். பெரியவர்கள் செய்த பிழைக்குப் பிள்ளைகளின் வாழ்வைப் பறிப்பது முறையன்று.

ஆயினும் ஒரு மாணவரை நாம் மறந்துவிடுகிறோம். அதே ஆண்டில் அதே மதிப்பெண் எடுத்து, “எனக்குத் தகுதி இல்லை” என்று விதியை மதித்து ஒதுங்கிக்கொண்டவர் அவர். அவருக்காக எந்த வழக்கும் நடக்கவில்லை. விதியை மீறியவருக்குப் பட்டம் கிடைத்தது. மதித்தவருக்கு ஒன்றும் இல்லை. வகுப்பறையில் நாள்தோறும் நேர்மையைப் போதிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறென்ன?

ஒன்பது ஆண்டுகள் கழித்து விதிக்கும் தண்டம் எவ்வளவு பெரிதானாலும் காலம் கடந்ததே. சேர்க்கை முடிந்த சில வாரங்களுக்குள் ஒவ்வொரு மாணவரின் தேர்வுத் தகுதியும் சரிபார்க்கப்பட வேண்டும். அதுவரை பல்கலைக்கழகப் பதிவெண் வழங்கக்கூடாது. பட்டியல் யாவரும் காண வெளியிடப்பட வேண்டும். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்திற்கு மாற்றாக இந்திய நாடாளுமன்றம் 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியது. அமைப்பின் பெயர் மாறுவதால் மட்டும் பயன் விளையாது. கண்காணிப்பு நுழைவாயிலிலேயே நிற்க வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளையை அங்கு அனுப்ப எண்ணினால், கட்டணம் செலுத்துமுன் மூன்றை உறுதிசெய்யுங்கள். அந்தக் கல்லூரிக்கு அந்த ஆண்டில் மாணவர் சேர்க்க ஒப்புதல் உண்டா? உங்கள் பிள்ளை விதிப்படி நீட் தகுதி பெற்றிருக்கிறாரா? அந்தப் பட்டத்தை மலேசியப் பல் மருத்துவ மன்றம் ஏற்கிறதா? “எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று முகவர் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். பின்னர் அதிகார அமைப்பிடமே நேரில் விசாரியுங்கள்.

இடம் கிடைப்பது வேறு, தகுதியோடு இடம் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த பெற்றோரை எந்த முகவரும் ஏமாற்ற முடியாது.