முதல் பெயர் தெரியாது

நேத்து க்ளினிக்ல உக்காந்திருக்கேன். நர்ஸம்மா கதவைத் திறந்து "ஃப்நூ... ஃப்நூ"ன்னு கூப்பிடுறாங்க. நானும் யாரையோன்னு சுத்திமுத்திப் பாக்கறேன். "அப்பா, உங்களைத்தான்"னு பொண்ணு தோளைத் தொடுறா.

எனக்கு 68 வயசு. 36 வருஷம் தபால் துறையில இருந்தேன். இனிஷியலை வச்சே எந்தத் தெரு, எந்த வீட்டு முருகேசன்னு சொல்லிடுவேன். எனக்கு வந்த பேரைப் பாருங்க!

நமக்கேது சர்நேம்? பாஸ்போர்ட் எடுத்தப்போ அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். அமெரிக்க விசாவுல என் பேரைத் தூக்கி சர்நேம்ல போட்டு, முதல் பேர் இருக்க வேண்டிய இடத்துல 'எஃப்.என்.யூ.'ன்னு அடிச்சுட்டாங்க. ஃபர்ஸ்ட் நேம் அன்நோன். முதல் பெயர் தெரியாது! அதே பேர் க்ரீன் கார்டுக்குப் போச்சு, அங்கேருந்து பேங்குக்கு, மருந்துக்கடைக்கு. எங்கப்பா தூக்கி வச்சுக் காதுல மூணு தடவை சொன்ன பேருங்க அது. மாத்தலாமாம். அதுக்கொரு ஃபாரம், ஃபீஸ், காத்திருப்பு.

சரி, பேரை விடுங்க. பால் வாங்கக்கூட நான் தனியா போக முடியாது, தெரியுமா? நியூஜெர்சியில எங்க பகுதியில கடை ரெண்டு மைல். நடைபாதை நாலு வீடு தாண்டினதும் புல்லுல முடிஞ்சுடுது. பஸ் கிடையாது. டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடுது. காலையில காரெல்லாம் கிளம்பிட்டா தெருவுல ஒரு மனுஷ முகம் இல்ல. ஊர்ல இருந்தா இந்நேரம் டீக்கடை வரைக்கும் போயிட்டு நாலு பேர்கிட்ட பேசிட்டு வந்திருப்பேன்.

டாக்டர்கிட்ட போறதும் பயம்தான். 65 தாண்டினவங்களுக்கு மெடிகேர் இருக்கே, நமக்கும் உண்டுன்னு நெனச்சேன். இங்க வேலை பாக்காம வந்த என்னை மாதிரி ஆளுங்க க்ரீன் கார்டோட தொடர்ந்து 5 வருஷம் இங்க இருந்தாத்தான் அதுல சேரவே முடியும். வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதுவரைக்கும் பொண்ணு கட்டுற பிரீமியம். நெஞ்சு லேசா வலிச்சாக்கூட அவகிட்ட சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஊர்லயே போய் கொஞ்ச நாள் இருக்கலாம்னா, ஆறு மாசம் தாண்டினா திரும்பி வரும்போது கேள்வி. ஒரு வருஷம் தாண்டினா கார்டுக்கே ஆபத்து.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாங்க. நவம்பர் வருது பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. உயிர்வாழ் சான்றிதழ். இருக்கேன்னு காட்டினாத்தான் பென்ஷன். நான் வேலையில இருந்தப்போ எத்தனையோ பெரியவங்க என் முன்னாடி வந்து நின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க. "நல்லாயிருக்கீங்களாய்யா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு அனுப்புவோம். இப்போ எல்லாத்துக்கும் ஓ.டி.பி. அது என் இந்திய நம்பருக்குத்தான் போகும். இங்க வச்சிருந்தப்போ அந்த சிம்முக்கு மெசேஜ் ஒரு நாள் வந்துச்சு, பத்து நாள் வரல. 90 நாள் பயன்படுத்தாம விட்டா நம்பரே போயிடுமேன்னு, சிம்மை தென்காசியில தம்பிகிட்ட கொடுத்து வச்சிருக்கேன்.

அந்தச் சான்றிதழுக்காக ராத்திரி பத்து மணிக்கு இங்க லாகின் பண்றேன். அங்க காலை எட்டரை. என்ன ஓ.டி.பி. வந்திருக்குன்னு கேக்கத் தம்பிக்கு வாட்ஸ்அப்ல கூப்பிடுறேன். ரிங் போகுது, எடுக்கல. ஸ்க்ரீன்ல நொடிகள் குறைஞ்சுக்கிட்டே வருது. 40... 25... 10. கட்டாயிடுச்சு.

கடைசியில தம்பி பொண்டாட்டி எடுத்தா. "அவரு குளிக்கிறாரு அத்தான். சாப்பிட்டீங்களா? அங்க இப்ப குளிரு அதிகமா?"

அந்த ரெண்டு கேள்விக்கு மட்டும்தான் அன்னைக்கு என்னால ஒழுங்கா பதில் சொல்ல முடிஞ்சுது.