முறுக்கு மல்பெரி: திருச்சிக்கு எதுக்கு?

ஸ்ரீரங்கத்தில் வீட்டில் ஒரு மரம் வைக்க மண் இருப்பதே பெரிய அதிர்ஷ்டம். ஊரே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு தீவு. சித்திரை வீதி, உத்திர வீதி எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். பழைய வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டினால் கொல்லைப்புறம் பார்க்கிங் ஆகிவிடும். கடைசியில் மிஞ்சுவது கேட் ஓரத்தில் நாலடிக்கு நாலடி. அந்த நாலடியில் முறுக்கு மல்பெரி வைக்கலாமா என்று கேட்டால் ஒரே பதில்தான்... வேண்டாம்!

படத்தில் பார்த்தவர்கள் மயங்குவதில் தப்பில்லை. சாதாரண மல்பெரியின் கிளை நேராகப் போகும். இதில் ஒவ்வொரு கிளையும் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஏறும். ஜப்பானில் இதற்குப் பெயர் 'உன்ரியூ', அதாவது மேக டிராகன். பூ அலங்காரம் செய்பவர்கள் இதன் காய்ந்த குச்சிகளைத் தேடி வாங்குவார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் படத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். மரத்தில் ஒரு இலை இருக்கிறதா? இருக்காது. ஏனென்றால் அது குளிர்காலத்தில் எடுத்த படம்.

மொத்த விவகாரமும் இங்கேதான் இருக்கிறது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இலையுதிர் காலத்தில் மல்பெரி மஞ்சளாகி மொட்டையாகிவிடும். பனியில் வேறு எதுவும் பார்க்க இல்லாத அந்த மூன்று நான்கு மாதம் முறுக்குக் கிளைதான் தோட்டத்துக்கு அழகு. திருச்சியில் மார்கழி அதிகாலையில்கூடப் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். வைகுண்ட ஏகாதசிக்கு மப்ளர் கட்டிக்கொண்டு சொர்க்கவாசல் வரிசையில் நிற்கிறவருக்கு அது குளிர். மல்பெரிக்கு அது குளிரே இல்லை. தண்ணீர் இருந்தால் வருஷம் முழுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும். கையகல இலைகளுக்குள் முறுக்கு எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான்.

"இலையை உருவிவிட்டால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். தாராளமாக உருவலாம், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும்! உடுமலைப்பேட்டையிலும் ஓசூரிலும் பட்டு விவசாயிகள் வருஷத்துக்கு ஐந்தாறு முறை இதே வேலையைத்தான் செய்கிறார்கள். வெட்ட வெட்டத் தழைப்பதுதான் மல்பெரியின் குணம், அதனால்தான் பட்டுப்புழு வளர்ப்பே சாத்தியமாகிறது. ஆனால் அவர்களுக்கு ஒவ்வொரு அறுவடைக்கும் பட்டுக்கூடு கிடைக்கிறது. கேட் ஓரத்து டிராகனுக்கு இலை உருவுகிறவருக்குக் கைவலி கிடைக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே பட்டு விவசாயிக்கு முறுக்கிய மல்பெரி என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி நுனியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சினால் இலை சுருண்டு, தண்டு திருகி, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்துவிடும். 'துக்ரா' என்று பெயர். அந்த நுனிகளைக் கிள்ளி அழித்து, பூச்சியைத் தின்ன பொறிவண்டு வாங்கி விட்டு, காசு செலவழித்து முறுக்கை ஒழிக்கிறார்கள். உன்ரியூவின் முறுக்கு நோய் இல்லை, பிறவிக் குணம். அது வேறு விஷயம். ஆனால் மாவுப்பூச்சி அதையும் விட்டுவைக்காது. 2008, 2009 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி கொங்குப் பக்கத்து மல்பெரித் தோட்டங்களை எப்படிச் சூறையாடியது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியை 2010-ல் வரவழைத்துத்தான் அதை அடக்கினார்கள். நம் வீட்டு மல்பெரியில் ஏறுகிற பூச்சி பக்கத்து வீட்டுப் பப்பாளிக்கும் செம்பருத்திக்கும் தாவும்.

சரி, விலைக்கு வருவோம். ரகம் அரிது, அதனால் விலை அதிகம் என்பது விற்பவர் சொல்லும் காரணம். மல்பெரி குச்சி ஒடித்து நட்டாலே வேர் விடுகிற சாதி. ஒரு தாய்மரம் இருந்தால் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் கன்று போடலாம். இதில் எங்கே இருக்கிறது அரிது? இந்தக் கணக்கு புரியாமல் ஒரு தேசமே கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. 1830-களில் அமெரிக்காவில் பட்டு மோகம் கிளம்பி, 'மல்டிகாலிஸ்' என்ற மல்பெரிக் கன்றுக்கு அடிதடி நடந்தது. பாதிப் பேர் வாங்கியது பட்டுக்காக இல்லை, இன்னொருவர் தலையில் கூடுதல் விலைக்குக் கட்டுவதற்காக. குச்சியிலிருந்து குச்சி பெருகிக்கொண்டே போனது. 1839-ல் விலை தரைதட்டியது. பி.காம். முதல் வருஷத்து சப்ளை, டிமாண்ட் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!

விதை என்று பொட்டலம் விற்றால் அதையும் நம்ப வேண்டாம். தாயின் முறுக்கு விதைக்கு அப்படியே வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குச்சி அல்லது ஒட்டுக் கன்றுதான் வழி.

"என் காசு, என் மண், உனக்கென்ன?" என்ற கேள்வி வரும். நியாயம்தான். மொட்டை மாடித் தொட்டியில் வைத்து, சித்திரை வெயிலில் தினம் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுகிறவரோடு ஒரு சண்டையும் இல்லை. சண்டை அந்த நாலடி மண்ணுக்காக. அங்கே ஒன்றை வைத்தால் இருபது முப்பது வருஷத்துக்கு இன்னொன்று வைக்க முடியாது. அதுவும் இருபதடிக்கு மேல் போகிற மரம். அடக்க வெட்டினால் மறுபடி இலைதான். பச்சைப் பசேல் என்று சீக்கிரம் வளர்கிறது என்று ஊர் ஊராகக் கோனோகார்பஸ் நட்டார்கள். 2023-ல் குஜராத்தும் 2025-ல் தமிழ்நாடும் அதற்குத் தடை போட்டன. முறுக்கு மல்பெரி அவ்வளவு பொல்லாதது இல்லை. ஆனால் படத்தைப் பார்த்து மரம் தேர்ந்தெடுக்கிற புத்தி இரண்டிலும் ஒன்றுதான்.

வளைந்து நெளிந்த மரம் பார்க்க ஆசையா? ஸ்ரீரங்கம் கோயிலின் தல விருட்சம் புன்னை. எங்காவது வயதான புன்னையின் அடிமரத்தைப் பாருங்கள், சாய்வும் வளைவும் தானாக வந்திருக்கும், நிழலும் உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் திருவானைக்காவலில் வெண்ணாவல். ஜம்புகேஸ்வரம் என்ற பெயரே நாவலால் வந்தது. கோயில் மரமே வேண்டும் என்றில்லை. பெரிய கொல்லை இருந்தால் நாவலோ புன்னையோ, நாலடிதான் என்றால் கறிவேப்பிலையோ பவழமல்லியோ.

இல்லை, மல்பெரிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் நேர்க்கிளை மல்பெரி இருக்கிற வீட்டில் போய் ஒரு குச்சி கேட்கலாம். பென்சில் தடிமனில், மூன்று நான்கு கணுவோடு, ஆறு மாசம் முற்றின குச்சி. ஈர மண்ணில் ஊன்றினால் போதும். பழம் விழுந்து தரை கொஞ்சம் கறையாகும், குயிலும் மைனாவும் வரும். குச்சிக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.