பொம்மை செய்யறதும் திரைக்கதை எழுதறதுதான்

"ஸ்க்ரிப்ட் லாக் ஆயிடுச்சுண்ணா, பொம்மை மட்டும்தான் பாக்கி."

காலேஜ் பசங்க பொம்மையை வச்சு குறும்படம் எடுக்கிறேன்னு கிளம்பினா இந்த வசனம் எப்படியும் ஒரு தடவை காதுல விழும். பொம்மை பாக்கின்னா ஸ்க்ரிப்ட்டும் பாக்கின்னுதான் அர்த்தம், இது என் கட்சி. ஆனா நடைமுறையில என்ன நடக்குது? கதை, வசனம், ஷாட் பிரிக்கறது எல்லாத்தையும் ரெண்டு மாசம் டீக்கடையில உக்காந்து பேசி முடிச்சுட்டு, கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் கட்டற மாதிரி, பொம்மை வேலையை கடைசி பத்து நாள்ல ஒருத்தர் தலையில கட்டிடறாங்க. அந்த ஒருத்தர் பெரும்பாலும் "நல்லா டிராயிங் வரும்ல உனக்கு" கேஸா இருப்பாங்க.

இந்த தடவை மாட்டினது எங்க சித்தி பொண்ணு. கோயம்புத்தூர்ல விஸ்காம் கடைசி வருஷம். ஆறு பேர் குழு, ஏழு நிமிஷப் படம். மாடிப்படிக்கு அடியில மெஷின் போட்டு உக்காந்திருக்கிற ஒரு வயசான டெய்லர். கண்ணு மங்கிட்டே வருது. ஊசியில நூல் கோக்க முடியல. அதை யார்கிட்டயும் சொல்லாம சமாளிக்கிறார். அவ்வளவுதான் கதை. இதுக்கு மூலம் எங்க தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா. அவரைப் பத்தி இவ சொன்னதைக் கேட்டுத்தான் டைரக்டர் தம்பிக்கு கதையே தோணுச்சு. நமக்கு வார நாள்ல ஆபீஸ்ல ஆணி, சனி ஞாயிறுல கத்தரிக்கோல் பிடிக்கிற எடுபிடி உத்தியோகம். :-)

டிபார்ட்மெண்ட்ல "எதுக்கும்மா இந்தக் கஷ்டம், 3டியில பண்ணிடலாமே"ன்னு சொல்லியிருக்காங்க. மூணு நிமிஷத்துக்கே ரெண்டர் முடியறதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிடும்கிறது குழுவோட பதில். ஸ்டாப் மோஷனும் வேணாம்னுட்டாங்க. நொடிக்கு 24 ஃப்ரேம். ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு தடவை பொம்மையை நகர்த்தினாக்கூட நொடிக்கு 12, ஏழு நிமிஷத்துக்கு 5,040 தடவை. ஆகவே கையால ஆட்டற பொம்மை, நேரா கேமரா முன்னாடி.

இப்ப அந்த லாக் ஆன ஸ்க்ரிப்ட்ல இருந்து ஒரு வரி: 'தாத்தா கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, நூல் நுனியை விரலால் திரித்து ஊசியில் கோர்க்க முயல்கிறார்.'

படிக்க நல்லாத்தான் இருக்கு. எழுதின ஆள் மனசுல ஒரு நடிகர் இருக்கார். பொம்மை செய்யறவங்களுக்கு இந்த ஒரு வரி எத்தனை வேலை தெரியுமா? இமைக்கு ஒரு மெக்கானிசம், உதட்டுக்கு ஒண்ணு, தனித்தனியா மடங்கற விரல்கள். எல்லாம் ஒரு தேங்காய் சைஸ் தலைக்குள்ளயும் தீப்பெட்டி சைஸ் கைக்குள்ளயும் அடங்கணும். சாஃப்ட்வேர்ல க்ளையண்ட் ஒரு வரியில "ஸர்ச் வேணும்"னு எழுதிட்டுப் போற மாதிரிதான்.

இங்கதான் ரெண்டு வழி பிரியுது. ஒண்ணு, எழுதினது எழுதினதுதான்னு அத்தனை மெக்கானிசத்தையும் அரைகுறையா செஞ்சு, ஷூட்டிங் அன்னிக்கு எதுவும் ஒழுங்கா அசையாம நிக்கிறது. இன்னொண்ணு, இந்தக் காட்சிக்கு நிஜமா எது அசைஞ்சா போதும்னு கேக்கறது. அப்படிக் கேக்கற நிமிஷமே நீங்க திரைக்கதை எழுத ஆரம்பிச்சுட்டீங்க.

பெரிய ஆளுங்க எல்லாம் இதைத்தான் செஞ்சிருக்காங்க. செக் நாட்டு யிர்ஷி த்ர்ன்கா படங்கள்ல வர்ற பொம்மைகளுக்கு முகபாவம் மாறவே மாறாது. லைட்டும், கேமரா கோணமும், தலை சாயற விதமும்தான் மாறும். அவரோட கடைசிப் படம் 'கை', 1965ல வந்தது. அதுல வர்ற குயவன் பொம்மையோட முகம் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணுதான், ஆனா அவன் பயப்படறது பார்க்கிற நமக்குத் தெரியுது. இதுக்கு நேர் எதிர் ஜிம் ஹென்சன். 1955ல அம்மாவோட பழைய கோட்டுத் துணியையும், பிங்பாங் பந்தோட ரெண்டு பாதியையும் வச்சு முதல் கெர்மிட்டை செஞ்சார். துணி மெத்துன்னு இருந்ததால உள்ள இருக்கிற கையோட ஒவ்வொரு அசைவும் முகத்துல வந்துச்சு. அவருக்கு மேடை, மறைப்புத்தட்டி எதுவும் கிடையாது. டிவி ஃப்ரேமே மேடை. பொம்மையை ஆட்டறவங்க மானிட்டரைப் பார்த்துக்கிட்டே ஆட்டுவாங்க. ரெண்டு பேரும் ரெண்டு வேற பொம்மை, அதனால ரெண்டு வேற விதமான கதை சொல்ற முறை. கதையை முதல்ல முடிச்சுட்டு பொம்மையை அப்புறமா ஒட்ட வச்சிருந்தா இது நடந்திருக்காது.

நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து மரப்பாவை பொம்மலாட்டம். நாலரை அடி உயரம், பத்து கிலோ எடை வரைக்கும் போற பொம்மைகள். அந்தக் கனத்தை எந்த மணிக்கட்டு தாங்கும்? அதனால கயிறுகளை ஒரு இரும்பு வளையத்துல கட்டி, வளையத்தைத் தலையில மாட்டிக்கறாங்க. பொம்மையோட கை மட்டும் கம்பியில அசையும். ஆட்டறவர் தலையை ஆட்டினா பொம்மை உடம்பு ஆடும். அந்தப் பொம்மைகளோட ஆட்டத்துல இருக்கிற அந்த நிதானமும் கம்பீரமும் இந்த வளையத்துல இருந்து வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன்.

சரி, எங்க டெய்லர் தாத்தாவுக்கு வருவோம்.

முதல் தலை பேப்பர் கூழ்ல செஞ்சா. மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காம இருக்க மயில் துத்தம் போட்டு (போஸ்டர் ஒட்டறவங்க டெக்னிக், ஆனா துத்தம் விஷம், கையுறை போட்டுக்கணும்), அடுக்கடுக்கா ஒட்டி ஆறு நாள் காய வச்சது. காய்ஞ்சப்புறம் எடை போட்டா 900 கிராம்! கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஒரு கிலோவை இருபது டேக் பிடிச்சுப் பாருங்க, தெரியும். ஆட்டறவங்க கை நடுங்கினா தாத்தாவுக்கு நரம்புத் தளர்ச்சி வந்துடும். ரெண்டாவது தலை தெர்மாகோல் உருண்டையைச் சீவி, மேல ஃபோம் ஒட்டி, அதுக்கு மேல பனியன் துணி. திருப்பூர்ல கிலோ கணக்குல கிடைக்கிற வேஸ்ட் துணிதான். இழுத்தா முகத்துக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு கொடுக்கும். டீ டிகாஷன்ல ஊற வச்சதுல அச்சு அசலா தாத்தா நிறம். எடை 210 கிராம். (தெர்மாகோல்ல ஃபெவிபாண்டு தடவிடாதீங்க மக்கா, அப்படியே கரைஞ்சு குழி விழுந்துடும். ஃபெவிகால்தான் சரி.) கைக்கு குடைக்கம்பி, மினுக்காம இருக்க மேட் கறுப்பு பெயிண்ட்.

முகத்துல அசையறதுக்கு ஒரே ஒரு விஷயத்தை வச்சா. மூக்குக்கண்ணாடி.

நெத்தியில ரெண்டு ஓட்டை, உள்ள தூண்டில் நரம்பு, பின்னாடி எலாஸ்டிக். நரம்பை இழுத்தா கண்ணாடி நெத்தியில இருந்து மூக்குக்கு இறங்கும், விட்டா மேல ஏறிடும். இமை இல்ல, உதடு இல்ல. கவனிங்க, ஒரிஜினல் ஸ்க்ரிப்ட்ல கண்ணாடியே கிடையாது! இப்ப படம் முழுக்க அந்தக் கண்ணாடிதான். கஸ்டமர் வந்தா மேல ஏத்திக்கிறார், நல்லா கண்ணு தெரியற ஆள் மாதிரி. கஸ்டமர் போனதும் இறக்கறார். கடைசியில ஒரு சின்னப் பொண்ணு நிக்கும்போது இறக்கறார், ஏத்தல. மொத்தக் கதையும் அதுக்குள்ள வந்துடுச்சு. அந்தப் பொண்ணு "நான் கோத்துத் தரட்டா தாத்தா"ன்னு பேசற வசனமும் தேவையில்லாம போய் படத்துல இப்ப வசனமே இல்ல.

ஊசி கோக்கற க்ளோஸப்புக்கு பொம்மைக் கையே வேண்டாம்னுட்டா. அதே டீக்கறைத் துணியில ஒரு கையுறை தைச்சு, நிஜ மனுஷக் கையை மாட்டி, அந்த ஷாட்டை மட்டும் தனியா எடுத்தாங்க. நிஜ விரல், நிஜ நூல், நிஜத் தடுமாற்றம். தடுமாறறதுக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்ல, அந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டு எவனாலயும் ஊசி கோக்க முடியாது. ஹிஹி.

தலையை கழுத்துல வைக்கும்போது லேசா இடது பக்கம் சாய்ச்சு வச்சிருந்தா. சித்தி ஊர்ல இருந்து வந்தப்ப பொம்மை மேசை மேல சும்மா கிடந்தது. எடுத்துப் பார்த்துட்டு "அப்பா இப்படித்தான் தெருவை எட்டிப் பாப்பாரு"ன்னாங்க. அப்புறம் சட்டையைத் திருப்பி உள்தையலைப் பார்த்து "காஜா சரியில்ல"ன்னு அதையும் சொன்னாங்க. டெய்லர் பொண்ணு இல்லையா!

சட்டைன்னதும் ஞாபகம் வருது. ரெண்டடி பொம்மைக்கு நம்ம சட்டைத் துணியைப் போட்டா கட்டம் எல்லாம் ஜமுக்காளம் மாதிரி தெரியும். ரொம்பப் பொடிக் கட்டமா தேடிப் போட்டா கேமராவுல அலையலையா நெளியும். கடைசியில பிளெயின் வெள்ளை, குழந்தை ஜட்டி சட்டைக்குப் போடற குட்டி பட்டன். பொம்மை பொய்னு காட்டிக் கொடுக்கிறது பெரும்பாலும் முகம் இல்லீங்க, பட்டனும் துணியும்தான்.

இதெல்லாம் சொன்னா சிலர், "கையால செஞ்சதுன்னா கொஞ்சம் கோணலா இருந்தாத்தான் அழகு"ன்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அது ஆகாது. கோணல் வேற, அலட்சியம் வேற. இடது பக்கம் சாஞ்ச கழுத்து கோணல். பசை வழிஞ்ச காது அலட்சியம். இன்னொரு கோஷ்டி, "ஆகா, அழிஞ்சு வர்ற பாவைக்கூத்தை இளைஞர்கள் மீட்டெடுக்கிறார்கள்"னு உணர்ச்சிவசப்படுவாங்க. அய்யா சாமி, தோல்பாவைக்கூத்து தலைமுறை தலைமுறையா கத்துக்கிற விஷயம். பதப்படுத்தின ஆட்டுத்தோல்ல உருவம் வெட்டி, விளக்கு வெளிச்சத்துல ஆட்டறவரே உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் மாத்தி மாத்திக் குரல் கொடுக்கிற வித்தை அது. நாலு வாரம் ஃபோம் வெட்டினவங்களுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தா ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்ல.

இப்ப பஞ்சாயத்துக்கு வர்றேன். படம் எடிட் ஆகி டைட்டில் கார்டு போட்டிருக்காங்க. 'கதை, திரைக்கதை, இயக்கம்' ஒரு பெயர். அப்புறம் கேமரா, எடிட்டிங், இசை. கடைசி கார்டுல 'கலை உதவி'ன்னு நாலு பேர், அதுல மூணாவதா எங்க வீட்டுப் பொண்ணு. செட்டுக்கு அட்டைப்பெட்டி வாங்கிட்டு வந்த பையனுக்குப் பக்கத்துல.

டைரக்டர் தம்பியை நான் வில்லனாக்கல. நல்ல பையன், உழைப்பாளி. ரெண்டு நாள் தூங்காம ஷூட்டிங்கை முடிச்சவன். மேசையோட மேல் பலகையைக் கழட்டிட்டு, ஆட்டறவங்களை அடியில ஆபீஸ் சக்கர நாற்காலியில உக்கார வச்சு தள்ளிக்கிட்டே போற ஐடியா அவனோடதுதான். ஆனா கேட்டா என்ன சொல்றான்? "ஸ்க்ரிப்ட் பேப்பர்ல அவ ஒரு வரிகூட எழுதலையேண்ணா."

பேப்பர்ல எழுதலதான். ஆனா பேப்பர்ல இருந்த எது படத்துல இருக்கு? கண் சுருக்கல் இல்ல, உதடு இல்ல, கடைசி வசனம் இல்ல. கண்ணாடி இருக்கு. கண்ணாடி எங்கிருந்து வந்துச்சு? கேமரா கோணத்தை மாத்தி ஒரு காட்சியோட அர்த்தத்தை மாத்தினா 'ஒளிப்பதிவு'ன்னு தனி கார்டு போடறோம். பொம்மையோட நெத்தியில ரெண்டு ஓட்டை போட்டு முழுப் படத்தோட அர்த்தத்தையும் மாத்தினா அது 'உதவி'யா? 2022ல வந்த கில்லர்மோ டெல் டோரோவோட 'பினோக்கியோ'வுக்கு பொம்மை செஞ்சதுல முக்கியமானது இங்கிலாந்துல இருக்கிற மெக்கின்னன் அண்ட் சாண்டர்ஸ் பட்டறை. அந்தப் படத்தைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் அவங்க பெயரும் வருது. நம்ம பசங்க அந்த மேக்கிங் வீடியோவை எல்லாம் வாயைப் பிளந்து பார்ப்பாங்க, தன் படம்னு வர்றப்ப 'கலை உதவி'!

பேசிப் பார்த்ததுல இதுவரைக்கும் 'பொம்மை வடிவமைப்பு'ன்னு தனி கார்டு வரைக்கும் இறங்கி வந்திருக்கான். திரைக்கதையில பெயர் போடறதை யோசிக்கிறானாம். அவளுக்கு அதுதான் வேணும், தாத்தா கதைங்கிறதால இன்னும் கொஞ்சம் அதிகமாவே வேணும். சமர்ப்பிக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. விடறதா இல்ல.

இதுக்கு நடுவுல அடுத்த செட் பசங்க வந்து, குதிரை பொம்மை ஒண்ணு செஞ்சு தர முடியுமாக்கான்னு கேட்டிருக்காங்க. கதை ரெடியான்னு கேட்டிருக்கா. "இல்லக்கா, இப்பதான் பேசிட்டிருக்கோம்"னு சொன்னதும் உடனே ஒத்துக்கிட்டா.

டிஸ்கி: குதிரை நாலு காலையும் தனித்தனியா எடுத்து வச்சு நடக்கணும்னா எத்தனை பேர் ஆட்டணும்னு வீட்டுல ஒரு பட்டிமன்றம் ஓடிக்கிட்டிருக்கு. ஜப்பான் பொம்மலாட்டமான புன்ராகுல ஒரு பொம்மைக்கு மூணு பேர், தலையும் வலது கையும் ஒருத்தர், இடது கை ஒருத்தர், கால் ஒருத்தர். அது ரெண்டு கால் கணக்கு. நாலு கால் பிராணியை ஆட்டின அனுபவம் உள்ளவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பு, புண்ணியமாப் போகும்.