பயிர்க்காவல் துப்பாக்கியும் இராக்கால ரோந்தும்

அரக்கோணம், திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் வேர்க்கடலை காய் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் குடியானவருக்கு இராத் தூக்கம் கிடையாது. பகலெல்லாம் குன்றுகளின் புதர்களிலும் ஓடைக்கரை முட்காடுகளிலும் பதுங்கியிருக்கும் காட்டுப் பன்றிகள் இருட்டியபின் கூட்டமாக இறங்கி, ஓர் இரவிலேயே ஒரு கொல்லையை உழுதுபோட்டாற்போல் கிளறிவிட்டுப் போகின்றன. கரும்பும் நெல்லும் இதற்கு விலக்கல்ல. இது பற்றியே பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி சில குடும்பங்களில் இருந்து வருகிறது. பன்றியைப் பற்றியும் வேலியைப் பற்றியும் விவசாயப் பத்திரிகைகளில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அத்துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் கொல்லைக்குப் போகிறவர் வழியில் போலீஸ் ரோந்தைச் சந்தித்தால் நடக்க வேண்டியது யாது என்பதைப் பற்றியோ எவரும் அதிகமாகச் சொல்வதில்லை. அதை அறியாமையால் விளையும் கஷ்டம் பன்றியால் விளையும் நஷ்டத்தினும் பெரிதாகி விடுதல் கூடும்.

வெள்ளையர் ஆட்சியில் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் குடிகளின் கையில் ஆயுதமிருப்பதையே சந்தேகக் கண்ணோடு பார்த்தது. சுதந்திரத்திற்குப் பின் அதனிடத்தில் வந்த 1959-ஆம் வருஷத்துச் சட்டம் குடியானவரை ஓரளவு நினைவில் வைத்தே எழுதப்பட்டதாகும். மெய்யாகவே பயிரைக் காக்கும் பொருட்டு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு மனுச் செய்யும் பிரஜைக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றே அதன் 13-ஆம் பிரிவு கூறுகிறது. அத்தகைய துப்பாக்கி போதாதென்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்திற்குக் குறையாத குழாயுடைய வேறு துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தரலாம். ஸ்டேஷன் அதிகாரியின் அறிக்கையை வாங்கிப் பார்த்துத்தான் தருவார்கள் என்பது உண்மையே. ஆயினும் பயிர்க்காவல் ஒரு நியாயமான காரணம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே லைசென்ஸோடு துப்பாக்கி தாங்கி வயலுக்குப் போகிறவர் திருடனைப்போல் ஒளிய வேண்டியதில்லை. ஒளிவதுதான் அவருக்குக் கெடுதல்.

ஏனெனில், ஆயுதத்தோடு செல்லும் எவரிடமும் லைசென்ஸைக் காட்டச் சொல்லும் அதிகாரம் 19-ஆம் பிரிவின்படி எந்தப் போலீஸ் உத்தியோகஸ்தருக்கும் உண்டு. இன்ஸ்பெக்டர்தான் கேட்க வேண்டும், கான்ஸ்டபிள் கேட்கலாகாது என்று கிராமங்களில் வழங்கும் பேச்சுக்கு ஆதாரமில்லை. கேட்டவுடன் காட்டினால் காரியம் அத்துடன் முடிகிறது. வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, காலையில் கொண்டுவருகிறேன் என்றால், பெயரும் விலாசமும் சொல்லும்படி அவர் கேட்கலாம். அவசியமென்று தோன்றினால் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, சொன்ன பெயர் பொய்யென்றோ ஆள் தப்பியோடுவான் என்றோ சந்தேகம் எழுந்தாலோ மாத்திரமே இப்பிரிவின் கீழ் வாரண்டின்றிக் கைது செய்ய இடமுண்டு. இந்த வரிசை இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தால் பாதிச் சச்சரவு எழாது. லைசென்ஸ் புத்தகம் பத்திரமாக இருக்கட்டுமென்று பீரோவில் பூட்டிவைக்கும் வழக்கத்தைக் குடியானவர்கள் விட்டுவிட வேண்டும். அது துப்பாக்கி உள்ள இடத்தில் இருக்க வேண்டிய பொருள். எண்ணெய்த் துணியிலோ பிளாஸ்டிக் உறையிலோ சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் பனிக்கும் மழைக்கும் நனையாது.

இதற்கு அடுத்த 20-ஆம் பிரிவை அநேகர் கேள்விப்பட்டதேயில்லை. லைசென்ஸ் இருந்தபோதிலும், ஆயுதத்தைக் கொண்டுபோகும் விதமோ சூழ்நிலையோ கெட்ட காரியத்திற்கென்று நியாயமான சந்தேகத்தை எழுப்பினால், போலீஸார் மட்டுமன்றி ரயில்வேயில் வேலை செய்வோரும் அவரைப் பிடித்து ஆயுதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. அரக்கோணத்தார் இதைக் கவனிக்க வேண்டும். பெரிய ரயில் சந்திப்பு அவ்வூரில் இருக்கிறது. 1992-இல் தொடங்கப்பெற்ற இராஜாளி என்னும் கடற்படை விமானத் தளமும் அங்கேயே இருக்கிறது. அத்தளத்தின் மதிலோரமாக இரவில் துப்பாக்கியோடு நடக்கும் ஒருவரைக் கண்டு காவலர் ஐயுறாமலிருந்தால்தான் ஆச்சரியம். ஆதலால் குறுக்கு வழியாயினும் அப்பக்கம் போகாமல் சுற்று வழியே போவது நலம். திருத்தணி மலையில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திரளும் நாட்களிலும், டிசம்பர் 31 இரவு படிபூஜைக்கு ஜனங்கள் கூடும்போதும் அவ்வூர்ச் சாலைகளில் துப்பாக்கி தென்படவே கூடாது. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளிக்கூட வளாகம் ஆகிய இடங்களுக்குத் தனி அனுமதியின்றி ஆயுதம் கொண்டுசெல்வதை லைசென்ஸ் நிபந்தனைகளே தடுக்கின்றன. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் துப்பாக்கியை அதற்கென்று அமைந்த உறையில் முழுவதும் மூடியே எடுத்துப்போக வேண்டும். தோளில் மாட்டிய வெறுந் துப்பாக்கியோடு மோட்டார் சைக்கிளில் போவது இன்றும் கிராமங்களில் காணக்கூடிய காட்சிதான். அதைக் கம்பீரமென்று நினைக்கிறார்கள். விதியோ அதைத் தவறென்று சொல்கிறது. மருந்து கெட்டித்த துப்பாக்கியைச் சாலையில் கொண்டுபோவது அதனினும் தவறு. கொல்லையில் கால் வைத்தபின் கெட்டிப்பதற்கு எத்தனை நேரமாகிவிடும்?

இருட்டில் துப்பாக்கியைக் காணும் போலீஸ்காரரும் மனிதர்தாம் என்பதை மறக்கலாகாது. 2018 நவம்பர் 11-ஆம் தேதி அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அடுத்த ஓர் ஊரில், மதுக்கூடம் ஒன்றில் காவல் வேலை பார்த்துவந்த இளைஞர், அங்கே துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தபோது கலகக்காரன் ஒருவனை மடக்கிப் பிடித்து வைத்திருந்தார். அழைப்பின் பேரில் வந்த போலீஸ் உத்தியோகஸ்தர் அவரையே சுட்டுவிட, தம் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்த அந்தக் காவலாளி மாண்டார். அந்நாட்டு நிலைமை வேறு, துப்பாக்கிகளின் தொகை வேறு. ஆயினும் ஆயுதந் தாங்கியவரை அறியாத ஒருவர் எதிர்ப்படும் முதற் சில விநாடிகளே அபாயமானவை என்பது எந்நாட்டிற்கும் பொது. டார்ச்சு வெளிச்சம் முகத்தில் பட்டவுடன் நின்றுவிட வேண்டும். துப்பாக்கியை எடுத்துக் காட்ட முயலாமல், கைகளை வெளியில் தெரியவைத்து, ஊரும் பேரும் கொல்லை இருக்கும் இடமும் சொல்லி, லைசென்ஸ் மடியில் இருக்கிறது, எடுக்கட்டுமா என்று கேட்டபின் எடுப்பது உசிதம். உரத்த குரலில் வழக்குப் பேசுவதற்கு அது நேரமன்று. பேச வேண்டியதை மறுநாள் எழுத்து மூலமாகப் பேசலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் லைசென்ஸ்தாரர் தாமே துப்பாக்கியை எடுத்துப்போகும் விஷயம். உள்ளபடி நடப்பது வேறு. நிலமுடையவர் ஊரில் உறங்க, கொல்லைப் பரணில் இரா முழுதும் விழித்திருப்பவன் கூலிக்கு வந்த காவற்காரன். துப்பாக்கி அவன் கையில் இருக்கிறது. லைசென்ஸோ எஜமானர் பெயரில். ரோந்து வந்தால் அகப்படுகிறவன் காவற்காரனே. “எங்கள் ஐயா துப்பாக்கிங்க” என்று அவன் சொல்வது அவனுக்கு அரணாகாது. லைசென்ஸ்தாரர் உடனிருக்கையிலாவது, அவருடைய எழுத்து மூலமான அதிகாரத்தோடாவது, பழுது பார்க்கவோ, லைசென்ஸைப் புதுப்பிக்கவோ, அவருடைய உபயோகத்திற்காகவோ மற்றொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று மட்டுமே 3-ஆம் பிரிவு சலுகை தருகிறது. வேறொருவன் அதைக் கொண்டு தானே காவலிருக்க அச்சலுகையில் இடமில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமென்று சிலர் எண்ணுவது தப்பெண்ணம்.

இதில் தண்டனையின் ஏற்றத்தாழ்வையும் நோக்க வேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி, லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருந்தவனுக்குக் குறைந்தது 2 வருஷமும் அதிகமாக 5 வருஷமும் சிறைவாசம். விசேஷ காரணங்களைத் தீர்ப்பில் எழுதினாலன்றி நீதிபதி அதைக் குறைக்க இயலாது. உரிமையில்லாதவன் கையில் ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கும் 29-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆனால் இத்தனைக்குக் குறையலாகாது என்ற கட்டு அங்கே கிடையாது. பயிர் யாருடையதோ அவருக்கு நெகிழ்ந்த பிரிவு. பயிரில் ஒரு படி பங்கும் இல்லாதவனுக்கு இறுகிய பிரிவு. துப்பாக்கியைக் காவற்காரனிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகும் நிலவுடைமையாளர் இதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது தகும். அந்தக் கூலியாளின் குடும்பம் வக்கீலுக்கு எங்கே போகும்? ஆயுதந் தாங்கும் துணையாளின் பெயரை லைசென்ஸில் பதிந்துகொள்ளும் முறை ஒன்று விதிகளில் இருக்கிறது. நம்பிக்கையான ஆளானால் அதற்கு மனுச் செய்து கேட்கட்டும். கிடைக்கவில்லையென்றால் காவற்காரனுக்குத் தகரமும் டார்ச்சும் நாயுமே ஆயுதங்களாக இருக்கட்டும். துப்பாக்கி வேண்டிய இரவில் எஜமானரே பரணேறட்டும். இது கடுமையான யோசனையாகத் தோன்றலாம். தாமே விழித்திருக்க முடியாதவருக்கு அந்த லைசென்ஸ் எதற்கு என்று கேட்கும் கலெக்டரிடம் சொல்ல மறுமொழி ஏது?

எல்லைப்புறத்து நிலங்களில் இன்னுமொரு சிக்கல். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, கோடு வரைபடத்தில் விழுந்ததேயன்றி உறவும் நிலமும் அதன்படி பிரிந்துவிடவில்லை. இக்கரையில் வீடும் அக்கரையில் மாந்தோப்பும் உடையவர்கள் இன்றும் உளர். லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது அப்புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அவ்வெல்லையைத் தாண்டினால், இப்பால் சட்டப்படி நடந்தவர் அப்பால் குற்றவாளி ஆகிறார். மாநில எல்லை போகட்டும். அரக்கோணம் 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது, திருத்தணியோ திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஓரூரில் வசித்து மற்றோர் ஊர்க் கிராமத்தில் பயிரிடுபவர் தம் லைசென்ஸில் இரு மாவட்டங்களும் அடங்குமா என்று இன்றே விரித்துப் பார்ப்பது நல்லது.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பதனாலேயே பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் காட்டுப் பன்றி இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட உத்தரவின்படி, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம்; ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறையினரேயன்றிக் குடியானவரல்லர். கேரளம் 2022-இல் வேறு வழி கண்டது. பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவிட, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக்காரர் சுடும் ஏற்பாடு அங்கே நடைபெறுகிறது. போலீஸார் கேட்டால் காட்டுவதற்கு அவர் கையில் பஞ்சாயத்தின் எழுத்து உத்தரவு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இது ஆலோசிக்கத் தக்கதே. அதுவரை இவ்விடத்துத் துப்பாக்கி, ஓசையெழுப்பி விரட்டும் கருவிதான். அவ்வோசையும் சொந்தக் கொல்லைக்குள் எழ வேண்டும், பொதுச் சாலையில் அன்று.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தேசியப் பட்டியலில் தனி எண் இருக்கிறபோது, இந்தக் கிராமத்தில் இன்னின்னாருக்குத் துப்பாக்கி உண்டு, இன்ன சர்வே எண்ணில் அவர் நிலம், இன்ன பருவத்தில் காவல் என்று ஒரு பக்கம் எழுதிக் கிராம நிர்வாக அலுவலர் ஸ்டேஷனுக்குக் கொடுத்துவைக்க எந்தத் தடையும் இல்லை. புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் இருட்டில் ஊகிக்க வேண்டிய அவசியம் அப்போது ஏற்படாது. மேலும், ஒருவரைக் கைது செய்தால் அதற்குக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவராவது அவ்விடத்து மரியாதைக்குரிய ஒருவராவது சாட்சிக் கையெழுத்திட வேண்டுமென்று 2024 ஜூலை முதல் அமலிலுள்ள குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. நள்ளிரவில் பரணிலிருந்து காவற்காரன் அழைத்துச் செல்லப்படும்போது அப்படிக் கையெழுத்திட ஊரில் எழுந்து வருகிறவர் யார்? கதவைத் திறக்காமலிருப்பது கிராமப் பெரியவர்களுக்கு அழகன்று. துப்பாக்கியை மாத்திரம் எடுத்துக்கொண்டால் அதன் எண்ணும் நிலையும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். போலீஸாரும் அதைக் கேட்பவரை எதிரியாக நினையாமல் எழுதிக் கொடுப்பார்களாக. லைசென்ஸில்லாமல் வைத்திருந்ததாக 3-ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரக் கலெக்டரின் முன்னனுமதி வேண்டுமென்று 39-ஆம் பிரிவு வைத்திருப்பது அவசரப்பட்ட வழக்குகளுக்கு ஒரு கடிவாளமே. அக்கடிவாளத்தைப் பிடிக்கும் அதிகாரியின் மேசைக்கு உண்மை போய்ச் சேர, கிராமத்திலிருந்து ஒருவர் எழுதவேண்டும்.

தேர்தல் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எல்லோரையும் ஒருசேர அப்படி நிர்ப்பந்திக்கலாகாது, ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியிருக்கிறது. சென்ற தேர்தல்கள் பல ஏப்ரல், மே மாதங்களில் நடந்தன. இறவைக் கடலையும் மாவும் கொல்லையில் நிற்கும் காலம் அது. பயிர்க்காவல் லைசென்ஸ் உடையவர்கள் அறிவிப்பு வந்தபின் ஸ்டேஷன் வாசலில் நின்று முறையிடுவதைக் காட்டிலும், முன்கூட்டியே அடங்கல் நகலுடன் கலெக்டருக்கு மனுக் கொடுத்து வைத்தால் அவரும் ஆராய்ந்து உத்தரவிட அவகாசம் இருக்கும். ஒப்படைத்தே ஆக வேண்டுமென்று வந்தால், ஒப்படைத்த ரசீதை லைசென்ஸ் புத்தகத்திலேயே செருகி வைக்கவும். திரும்பப் பெற்றுவரும் வழியில் ரோந்து நிறுத்தினால் காட்ட வேண்டிய காகிதம் அதுவும் கூடத்தான்.