பலகையில் ஒரு படம்

நம் அன்னையாரின் புகைப்படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் ஓரங்களில் செல்லரித்திருக்கிறது. அதனை மரப்பலகையில் பதித்து வைக்க விரும்பினோம். செய்முறை நேயர்களுக்கும் பயன்படலாம்.

மூலப் படத்தைத் தொடவே வேண்டாம். சாதாரணத் தாளில் லேசர் அச்சுப் பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மை சூட்டில் உருகிப் படிந்த பிளாஸ்டிக் தூள், நீரில் கரையாது. இங்க்ஜெட் அச்சோ நீர் பட்டால் பெரும்பாலும் கலைந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்த வெளிர்நிறப் பலகையில், ஓவியக் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். படம் பலகையை நோக்குமாறு தாளை ஒட்டி, காற்றுக் குமிழிகளை நீவி வெளியேற்றுங்கள். ஓர் இரவு உலரட்டும். பிறகு ஈரத்துணியால் நனைத்து, விரல் நுனியால் தாளை மட்டும் மெல்ல உருட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் முகமும் தாளோடு வந்துவிடும். நன்றாக உலர்ந்தபின் வார்னிஷ் பூசலாம்.

ஓர் எச்சரிக்கை: பிரதியை இடவலம் மாற்றி அச்சிட மறவாதீர்கள். நாம் மறந்தோம். பலகையில் அன்னையாரின் முந்தானை வலத்தோளில் விழுந்திருந்தது. "இது நம் அம்மா இல்லையே!" என்றார் தமக்கையார். அவர் சொன்னது சரிதான்.

மறுநாள் வேறொரு பலகையைத் தேய்க்கத் தொடங்கினோம். மூலப் படம் பெட்டியில் பத்திரமாக இருந்ததல்லவா?