உங்கள் வெப்சைட்டிற்கு எழுத ஆள் தேடுகிறீர்களா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் கேம்ஸ், பாட்டு, போட்டோ என்று போகும். இரண்டாவது மாதம் வீட்டில் யாராவது ஒருவர், "நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போட்டால் என்ன?" என்று ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் அப்படி ஆரம்பித்தவர் என் பெரியப்பா. காங்கேயத்தில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்பவர். நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியர். குடும்பத்தில் ஒருவன் இன்ஜினியரிங் படித்துவிட்டால் பிரிண்டர் ரிப்பேர் முதல் வெப்சைட் வரை எல்லாம் அவன் தலையில்தான் விழும். இது உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

டொமைன் பெயர், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் எல்லாம் ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிட்டன. பக்கங்கள் தயார். ஆனால் உள்ளே எழுத விஷயம் வேண்டுமே! தளத்தில் இருக்கும் எழுத்துக்களைக் கன்டென்ட் என்றும், அதை எழுதித் தருபவரைக் கன்டென்ட் ரைட்டர் என்றும் அழைக்கிறார்கள். எனக்குப் புரோகிராம் எழுத வரும், கட்டுரை வராது. (இந்தக் கட்டுரையை எழுத நான் பட்ட பாடு ஆசிரியருக்குத் தெரியும்.) எனவே ஆள் தேடினேன். விளம்பரம் பார்த்து ஒருவர் கிடைத்தார். ஒரு வார்த்தைக்கு 30 பைசா. 12 கட்டுரைகள், மூன்றே நாட்கள். 'கூகுளில் முதல் இடம் கேரண்டி' என்றும் சொன்னார். இவ்வளவு மலிவாக, இவ்வளவு வேகமாக முடிகிறதே என்று எனக்கு ஏக சந்தோஷம். முதல் இரண்டு கட்டுரைகளைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தன. மீதி பத்தை அவரையே தளத்தில் ஏற்றச் சொல்லி பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். இது நடந்தது 2023-ல்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு ஒரு போன் வந்தது. கரூர் பக்கம் இருந்து ஒரு பெரியவர். "ஏனுங்க, தினமும் காலையில ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் குடிச்சா சக்கரை நோய் அடியோட போயிரும்னு உங்க சைட்ல போட்டிருக்குதுன்னு பேரன் படிச்சுக் காட்டுனான். அப்ப மாத்திரைய நிறுத்திக்கலாமுங்களா? எத்தனை நாளைக்குக் குடிக்கோணும்?" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா வெலவெலத்துப் போய், "ஐயா, மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க, டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் என்னைக் கூப்பிட்டார். "ஏங் கண்ணு, இதை யாரு எழுதுனது?"

அன்று இரவுதான் 12 கட்டுரைகளையும் முழுதாகப் படித்தேன். சர்க்கரை நோய் ஏழாவது கட்டுரையில் இருந்தது. மூன்றாவது கட்டுரையில் எங்கள் செக்கு 1952 முதல் இயங்குவதாக எழுதப்பட்டிருந்தது. பெரியப்பா செக்கு போட்டதே 1994-ல். ஒன்பதாவது கட்டுரை வேறு ஒரு கடையின் தளத்தில் இருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கடைசிப் பத்தியில் அந்தக் கடையின் ஊர்ப் பெயரைக்கூட மாற்றவில்லை.

எழுதியவரைத் திட்டிவிட்டு இருந்துவிடலாம். ஆனால் தளம் நம் பெயரில் அல்லவா இருக்கிறது? 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் விளம்பரம் என்பதற்கான விளக்கத்திலேயே இணையமும் வெப்சைட்டும் சேர்க்கப்பட்டுள்ளன. தவறான தகவல் தரும் உணவு விளம்பரத்திற்கு அச்சட்டத்தின் 53-வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. நான் மிச்சப்படுத்தியதோ சில ஆயிரம் ரூபாய். அபராதத்தைக் கூட விடுங்கள். அந்தப் பெரியவர் போன் செய்து கேட்டார். கேட்காமலேயே மாத்திரையை நிறுத்தியவர் யாராவது உண்டா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கும், என்னைப் பார்த்துக் கடைக்குத் தளம் போட்ட இரண்டு நண்பர்களுக்குமாகச் சேர்த்து ஏழெட்டு எழுத்தாளர்களிடம் பேசிவிட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் ஆகாது, விலை குறைவாகக் கேட்டால் ஆகாது என்று பொதுவாக எச்சரிப்பார்கள். என் அனுபவத்தில் இவை இரண்டுமே பெரிய அறிகுறிகள் இல்லை. ஒற்றுப் பிழையைத் திருத்திவிடலாம். வேலைக்குப் புதியவர் குறைவாகத்தான் கேட்பார். என்னை ஏமாற்றிய கட்டுரைகளில் ஒரு பிழைகூடக் கிடையாது. நான் பார்க்கும் முதல் அறிகுறி வேறு. வேலையை ஒப்புக்கொள்ளும்போது அவர் நம்மிடம் ஏதாவது கேள்வி கேட்கிறாரா? எங்கள் ஆள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "எத்தனை வார்த்தை சார்?" எள் எங்கிருந்து வருகிறது, யார் வாங்குகிறார்கள், என்ன விலை என்று எதுவும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காதவர் 12 கட்டுரைகளை எப்படி நிரப்புவார்? ஒன்று எங்கிருந்தாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் கற்பனை செய்ய வேண்டும். அவர் இரண்டையும் செய்திருந்தார்.

எடுத்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். இதற்குச் சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். கட்டுரையின் நடுவில் இருந்து எட்டுப் பத்து வார்த்தைகள் உள்ள ஒரு வாக்கியத்தைக் காப்பி செய்திடுங்கள். கூகுள் தேடல் கட்டத்தில் முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி இட்டு, நடுவே பேஸ்ட் செய்து என்டர் தட்டுங்கள். அதே வாக்கியம் வேறு தளத்தில் இருந்தால் பெரும்பாலும் காட்டிவிடும். முதல் வாக்கியத்தைத் தேட வேண்டாம். காப்பி அடிப்பவர்கள் முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றிவிடுவார்கள். நாமும் பள்ளிக்கூடத்தில் அதைத்தானே செய்தோம்!

கற்பனையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, கேட்ட தலைப்பில் ஒரு நிமிடத்தில் கட்டுரை தரும் வசதி எல்லோர் கையிலும் இருக்கிறது. நானும் அலுவலகத்தில் தினமும் பயன்படுத்துகிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தெரியாததையும் தெரிந்தது போலவே எழுதும். எங்கள் 1952 அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் தளங்களை நம்பி ஒருவரை வேலையை விட்டு நீக்கிவிடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதற்குப் பதிலாக நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கட்டுரையை வேர்டில் திறந்து கன்ட்ரோல்+எச் அழுத்துங்கள். 'நல்லெண்ணெய்' என்பதை எல்லா இடத்திலும் 'அப்பளம்' என்று மாற்றுங்கள். இப்போது படித்துப் பாருங்கள். "நமது பாரம்பரியத்தின் அடையாளமாகத் திகழும் அப்பளம், தரத்திலும் சுவையிலும் தனித்துவம் வாய்ந்தது." பொருந்துகிறது அல்லவா? இப்படிப் பக்கம் முழுவதும் அப்பளத்திற்குப் பொருந்தினால், உங்கள் பொருளைப் பற்றி அதில் எதுவும் எழுதப்படவில்லை என்று பொருள். எழுதியது மனிதரா, மெஷினா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. எங்கள் 12 கட்டுரைகளில் 9 அப்பளத்திற்கு அற்புதமாகப் பொருந்தின.

தமிழில் எழுதித் தருபவர்களிடம் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஆங்கிலத்தில் எழுதி கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு எடுத்துத் தருவது. கோல்ட் பிரஸ்டு ஆயில் 'குளிர் அழுத்தப்பட்ட எண்ணெய்' ஆகிவிடும். நண்பர் ஒருவரின் ஜவுளித் தளத்தில் ப்ரீ டெலிவரி 'இலவசப் பிரசவம்' ஆகி, வாடிக்கையாளர்கள் போன் செய்து சிரித்தார்கள். மற்றொன்று எழுத்துரு. டி.டி.பி. பழக்கத்தில் இன்னும் சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்து அனுப்புகிறார்கள். அவர் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிவது உங்கள் தளத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கூகுளாலும் அதைப் படிக்க முடியாது. யூனிகோடில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யூனிகோடு என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

கூகுளில் முதல் இடம் கேரண்டி என்பவரிடம் அந்தப் பேச்சோடு விடைபெற்றுக் கொள்ளலாம். முதல் இடத்திற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. இந்த கேரண்டிக்காரர்கள் செய்வது பெரும்பாலும் ஒரே வேலைதான். 'காங்கேயம் மரச்செக்கு எண்ணெய்' என்ற சொற்களை ஒரே பக்கத்தில் முப்பது முறை திணிப்பார்கள். கூடுதல் கெட்டிக்காரர்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பார்கள். உங்கள் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல்+ஏ அழுத்திப் பாருங்கள், ஒளிந்திருப்பது நீலத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டையுமே கூகுள் ஸ்பேம் என்கிறது. ஆளே பார்க்காமல் மொத்தம் மொத்தமாகக் கட்டுரைகளைத் தயாரித்துக் கொட்டுவதையும் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது. பாதிக்கப்படப்போவது உங்கள் தளம்தான்.

நான் பாஸ்வேர்டு கொடுத்தது போல நீங்கள் கொடுக்காதீர்கள். வேர்ட்பிரஸில் யூசர்ஸ் என்ற பிரிவில் புதிய பயனாளரைச் சேர்க்கும்போது 'கான்ட்ரிபியூட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவரால் எழுதி வைக்க முடியும், வெளியிட முடியாது. நீங்கள் படித்துவிட்டு வெளியிடலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கொடுத்தால்தான் வேலை செய்வேன் என்றால் அவர் வேண்டாம்.

சாம்பிளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள், ஆனால் அதற்குக் காசு கொடுங்கள். பத்துப் பேரிடம் இலவசமாக சாம்பிள் வாங்கி அதிலேயே தளத்தை நிரப்பும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத்தாளர்கள் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பாதி முன்பணம் நியாயம். ஒரு பக்கத்திலாவது ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியில் இருந்து எழுதித் தரும் ஒருவரின் எழுத்து, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்கே சொந்தம். உரிமையை எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அதிலும் எத்தனை ஆண்டுகள் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். காசு கொடுத்துவிட்டோம், எனவே நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் தளத்திற்கு இப்போது எழுதுபவர் தாராபுரத்தில் வீட்டில் இருந்தபடியே வேலை செய்யும் ஒரு பெண். முதல் நாள் பெரியப்பாவிடம் போனில் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எள் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் போடுகிறீர்கள், எத்தனை நாள் தெளிய வைக்கிறீர்கள், பிண்ணாக்கை யார் வாங்குகிறார்கள் என்று வரிசையாக. "என்ன கண்ணு, பொண்ணு பார்க்க வந்த மாதிரி கேக்குது" என்று பெரியப்பா அலுத்துக்கொண்டார். நான் வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை.

சண்டை கடலை எண்ணெயில் வந்தது. 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று போட வேண்டும் என்றார் பெரியப்பா. அந்தப் பெண் மறுத்துவிட்டார். கொலஸ்ட்ரால் பிராணிகளிடம் இருந்து வரும் கொழுப்பில்தான் இருக்கும், எந்தச் செடி எண்ணெயிலும் சொல்லும்படியாக இருக்காது, நம் எண்ணெயில் மட்டும் இல்லாதது போல எழுதுவது சரியில்லை என்று பொறுமையாக விளக்கினார். பக்கத்துக் கடைக்காரர் போர்டிலேயே போட்டிருக்கிறாரே என்று பெரியப்பாவுக்கு இரண்டு நாள் கோபம். ஒரு பக்கத்திற்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு நான்கே பத்திதான் எழுதுகிறார் என்று இன்னொரு குறை வேறு.

மூன்றாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டார். நல்லெண்ணெய்ப் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அதை அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்கிறேன், டைப் செய்துகொள் என்றார். "இது சமையலுக்கு ஆட்டுன எண்ணெய், மருந்து இல்லைங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க." எழுத்துநடையில் மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். தளத்தில் அது அப்படியேதான் இருக்கிறது.