பிக்கப்போட பின்னாடியைத் தூக்கப் போறீங்களா?

மக்களே, 2023 மாடல் வரைக்கும் டக்கோமாவுக்குப் பின்னாடி பட்டை ஸ்பிரிங்தான். ரெண்டு இஞ்ச் தூக்கணும்னா மலிவான வழி பிளாக்: ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு கட்டை, நீளமான யூ-போல்ட். சவாரி பெருசா மாறாது. ஆனா பாரம் ஏத்தினா தொங்குற வண்டி அப்பவும் தொங்கும். கட்டை உயர உயர, மிதிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கும். கட்டை மேல கட்டை அடுக்குறது உசுரோட விளையாட்டு!

கூடுதலா ஒரு பட்டை சொருகினா தொங்காது, காலி வண்டி குலுக்கி எடுக்கும். ஷேக்கிளை ரெண்டு இஞ்ச் நீட்டினாலும் ஏறுறது ஏறக்குறைய ஒண்ணுதான்.

என்னைக் கேட்டா, தினமும் பாரம் ஏத்துறவங்க ஸ்பிரிங் செட்டையே மாத்திடுங்க. பெரிய டயருக்காகன்னா ஒரே ஒரு பிளாக் போதும். எதுவானாலும் கதவு ஸ்டிக்கர்ல போட்டிருக்கற பார அளவு கூடாது. பழைய யூ-போல்ட்டையே திரும்ப முடுக்கிக் காசு மிச்சம் பிடிக்கிறவங்க வண்டிக்குப் பின்னாடி நான் வரமாட்டேன் சாமி!